ஜன்னலுக்கு முதுகு காட்டிய டேலியா

இந்த வருடம் லாஷோங்வேயின் தோட்டத்தில் பூத்த டேலியாக்களை எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவற்றின் சொந்தக்காரிக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. டேலியா வெயிலைத் தேடிச் சாலைப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பூவின் முதுகுதான் தெரியும்.

ஆகஸ்டில் அவள் கணவர் மகாகுலா இறந்துபோனார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் அவளுக்குக் கறுப்பு உடுத்திவிட்டார்கள். கறுப்பில் இருப்பவள் விளைகிற மண்ணை மிதித்தால் பயிர் வாடிவிடும் என்பார்கள். ஒரு வருடம் கழித்து அந்தத் துணியை எரிக்கும்வரை தோட்டத்துப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அதைக் காவல் காக்கவென்றே மகாகுலாவின் அக்கா செம்பிலே மூட்டை முடிச்சுடன் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பூ என்ன சோளமா அண்ணி? யாரும் திங்கப்போறதில்லையே?" என்று லாஷோங்வே கேட்டுப் பார்த்தாள்.

"அதெல்லாம் மண்ணுக்குத் தெரியுமாடி? நீ உள்ளயே கிட."

அக்டோபரில் முதல் மழை விழுந்தது. சமையலறை மூலையில் சாக்குக்குள் கிடந்த டேலியாக் கிழங்குகள் முளைவிட்டுக்கொண்டிருந்தன. லாஷோங்வேயின் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, ஒருநாள் செம்பிலேயே திட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். காலமெல்லாம் சோளம் விதைத்த கை. நூல் பிடித்தாற்போல வரப்புப் போட்டு, டேலியாவைச் சோளம் மாதிரியே வரிசையாக நிறுத்திவிட்டாள்.

"அவ்வளவு ஆழம் வேண்டாம் அண்ணி!" என்று ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது.

"மண்வெட்டி பிடிக்க எனக்குச் சொல்லித்தர வந்துட்டா பாரு!"

அடுத்த மாதம் செம்பிலே, களையெடுக்கிறேன் என்று காஸ்மாஸ் பூ நாற்று அத்தனையையும் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற லாஷோங்வேயும் சிரித்துவிட்டாள். புருஷன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சனிக்கிழமைகளில் ஒருவர் தோட்டத்தை ஒருவர் போய்ப் பார்ப்பதும், தேநீர் குடித்துக்கொண்டே பெருமையடிப்பதும் எங்கள் பழக்கம். துக்க வீட்டுக்கு அப்படிப் போகலாமா என்று யோசித்து யோசித்து, யாரும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவள் ஜன்னல் கொசுவலை வழியாகவே படமெடுத்து எங்கள் கைபேசிக் குழுவில் போட்டாள். கட்டம் கட்டமாகப் பூவின் முதுகு. முதலில் ஒன்றிரண்டு பேர் பதில் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, குழுவில் இருக்கும் லாஸ்வானேயின் தோட்டத்தில் பீன்ஸ் மஞ்சளாகிவிட்டது. உடனே குழுவில் அவள் குரல் வந்தது: "கோவிச்சுக்காத லாஷோங்வே. உன் துணி மாறட்டும், அப்புறம் படம் போடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதே போன் போட்டேன். "பச்சைக் கோழி எருவைக் கொட்டினவ நீ. பழி மட்டும் அவ மேலயா?"

"உனக்கெதுக்கு வம்பு லாகாமா? நாளைக்கு உன் பயிரு வாடினா தெரியும்."

நான் கத்தி என்ன ஆயிற்று? குழுவில் மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. லாஷோங்வே குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். அதன்பிறகு தினமும் ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். "இன்னைக்கு எப்படி இருக்கு? வாய் விரிஞ்சிருச்சா? ஓரத்துல வெள்ளை ஓடுதா?" பூவின் முகத்தை வர்ணிக்க எனக்கு வாய் போதாது. ஒரு சனிக்கிழமை சாலையில் நின்று படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். வீம்புக்குக் குழுவிலும் போட்டேன். நான் போட்டால் தீட்டு இல்லை போலிருக்கிறது! "அடியம்மா, என்ன சிவப்பு!" என்று வந்து குவிந்தார்கள்.

மறுநாள் அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பூக்களுக்குப் பின்னால், ஜன்னலுக்குள், கறுப்பாக ஓர் உருவம்.

"இது நான்."

"ஐயோ, கவனிக்கலையே! அழிச்சிடறேன்."

"வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்துல நின்னு எடு. நான் இங்க வந்து நிக்கிறேன்."

அப்படியே பூக்காலம் முழுவதும் நடந்தது. நான் சாலைக்குப் போவதற்குள் அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஜன்னலில் நிற்பாள். நாளாக ஆக, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டாள். குழுவில் பூவைக் கொண்டாடினார்கள், கிழங்கு கேட்டார்கள், வரிசை ஏன் சோளக்கொல்லை மாதிரி இருக்கிறது என்று கேலிகூடச் செய்தார்கள். அத்தனை படத்திலும் அவள் நின்றாள். பார்த்திருப்பார்கள், பார்க்காமல் எங்கே போவது? ஆனால் அவளைப் பற்றி ஒருத்தியும் ஒரு சொல் எழுதவில்லை.

மார்ச் கடைசியில் மிச்சமிருந்த நாலைந்து பூக்களையும் படமெடுத்துவிட்டு ஜன்னலருகே போனேன்.

"யாராவது என்னைப் பத்திக் கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டாங்களே!"

"யாரு?"

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாயில் ஒரு பெயரும் வரவில்லை.

"சரி விடு. டேலியாவைப் பத்தி என்ன சொன்னாங்க?"