நான் ஒன்றாக்கிய இரண்டு பெண்கள்

மரக்காணத்தில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு மூன்று கிளைகள் உண்டு. மூன்றுக்கும் வந்து போன அத்தனை பேரும் ஒரே மென்பொருளுக்குள் இருக்கிறார்கள். பெயர், ஊர், போன் நம்பர், கண் பவர், கடைசியாக எப்போது வந்தார், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். கடையில் அதை சிஆர்எம் என்போம். அதைச் சுத்தமாக வைத்திருப்பது என் பொறுப்பு. ஒரே ஆள் இரண்டு முறை ஏறியிருந்தால் ஒன்றாக்க வேண்டும், தப்பான நம்பரைத் திருத்த வேண்டும், செத்துப்போனவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. மற்ற கிளைகளில் யாராவது பெயரை அரைகுறையாக ஏற்றினால் போன் போட்டுத் திட்டுவேன். "ஒரு ஆளை ஒழுங்கா ஏத்தத் தெரியாதா உங்களுக்கு?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. போனை வைத்ததும் அவர்கள் என்னைக் கிண்டலடிப்பார்கள் என்று தெரியும். சோம்பேறிகள், பேசிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

உப்பளத்து ஊர் ஒன்றில் இலவசக் கண் முகாம் நடத்தினோம். பாத்தியில் விளைந்த உப்பின் மேல் வெயில் பட்டால் அந்த வெள்ளை அப்படியே கண்ணில் அடிக்கும். வருஷக்கணக்கில் அங்கே உப்பு சுமக்கிற பெண்கள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, நிழலில் உட்கார்ந்தாலும் சுருக்கியபடியே இருப்பார்கள். இரண்டு நாள் முகாம். நோட்டில் கையால் எழுதி வந்ததை நான் கடையில் உட்கார்ந்து ஏற்றினேன். நோட்டில் கணவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. நேரமாகிறது என்று அதை மட்டும் நான் ஏற்றவில்லை. கண்ணாடி விற்கக் கணவர் பெயர் எதற்கு என்று நினைத்தேன்.

அளத்தில் வேலை செய்கிற பெண்கள் போனை எடுத்துப் போவதில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் போன் அவ்வளவுதான். அதனால் யார் நம்பர் கேட்டாலும் மேஸ்திரி நம்பரைச் சொல்வார்கள். அவர் தன் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி கொட்டகையில் மாட்டியிருப்பார். யாருக்கு வந்தாலும் அவர்தான் எடுத்துக் குரல் கொடுப்பார். பெயரும் அப்படித்தான். ஊர்க் கோயில் அம்மன் பெயரை வீட்டுக்கு ஒருத்திக்காவது வைத்திருப்பார்கள்.

அடுத்த மாதம் ஒரே ஆளுக்கு இரண்டு மெசேஜ் போகிறது என்று புகார் வந்தது. ஓனர் என்னைக் கூப்பிட்டு, "டூப்ளிகேட் ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்மா" என்றார். எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மென்பொருள் சந்தேகப்படுகிற இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஒரே ஆள் என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நான் மளமளவென்று அழுத்தினேன்.

அதில் அந்த உப்பளத்து ஜோடியும் வந்தது. அதே அம்மன் பெயர், அதே ஊர், அதே போன் நம்பர். வயது மட்டும் ஒன்றில் நாற்பத்தெட்டு, இன்னொன்றில் ஐம்பத்தைந்து. வயதுக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைத்து மென்பொருளே என்னை ஒரு தடவை கேட்டது. எங்கள் பக்கம் வயது கேட்டால், "ஒரு அம்பது போட்டுக்கம்மா" என்பார்கள். முதல் நாள் ஒன்று சொல்லியிருப்பார், இரண்டாம் நாள் ஒன்று சொல்லியிருப்பார் என்று நானே முடிவு செய்து அழுத்தினேன். இரண்டு பெண்கள் ஒரு பெண் ஆனார்கள்.

ஒன்றாக்கினால் பிந்திய பதிவுதான் நிற்கும். பிந்தியதில், படிக்கிற கண்ணாடி கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்தது. முந்தியதில் டாக்டர் சொல்லி எழுதியது வேறு. கண்ணில் அழுத்தம் அதிகம், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வேன் ஏற்பாடானதும் கூப்பிடவும். அது அடியில் போய்விட்டது. வேன் கிளம்பிய அன்று பட்டியலில் அந்த அம்மா இல்லை.

டூப்ளிகேட் இல்லாத முதல் கிளை எங்களுடையது என்று ஓனர் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் போட்டார். அதை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

இத்தோடு போயிருந்தால் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் அந்த அம்மாவிடம் பேசியிருக்கிறேன். கண்ணாடி வாங்கியவர்களுக்கு எல்லாம் போன் செய்து திருப்தியா என்று கேட்பதும் என் வேலைதான். மேஸ்திரி எடுத்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது.

"அம்மா, கண்ணாடி கடைங்களா? வேன் எப்பம்மா வரும்?"

"வேன் இல்லக்கா. குடுத்த கண்ணாடி நல்லா இருக்குதான்னு கேக்கத்தான் பண்ணேன்."

"எனக்கு கண்ணாடி எதுவும் தரலையேம்மா."

"படிக்கிற கண்ணாடி குடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர்ல இருக்குதேக்கா."

"எனக்குப் படிக்கவே தெரியாதேம்மா."

"அரிசி பொறுக்க, ஊசி கோக்கக் குடுத்திருப்பாங்க. வீட்ல நல்லா தேடிப் பாருங்க."

"சரிம்மா. கம்ப்யூட்டர்ல இருந்தா இருக்கும்" என்றார். நான் 'திருப்தி' என்று போட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போனேன். அந்தப் பெண் ஓடி வந்தாரே, எதற்கு ஓடி வந்தார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

மழைக்காலம் வந்து உப்பள வேலை நின்றபோது அந்த அம்மா மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். நடந்து வரும்போதே இடது பக்கம் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டார். கண் சோதிக்கிறவர் ரொம்ப நேரம் பார்த்தார். "முன்னாடி கேம்ப்ல பாத்தாங்களாம், என்ன எழுதியிருக்குன்னு எடும்மா" என்றார். எடுத்தேன். படிக்கிற கண்ணாடி, திருப்தி என்று வந்தது. மருமகள், "இவங்களுக்கு ஏதுங்க கண்ணாடி? அது மூணாவது வீட்டு அத்தைக்குக் குடுத்தது. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு" என்றாள்.

பழைய மாற்றங்களைத் திறந்தேன். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் அழுத்தியது என்று எல்லாம் இருந்தது. என் பெயர்தான் இருந்தது.

இடது கண்ணில் போன பார்வை இனி வராது, வலது கண்ணை மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் சோதித்தவர். அந்த அம்மா, "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றே கடை காரில் பாண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம்.

ஓனர் என்ன நடந்தது என்று கேட்டார். "சிஸ்டமே ஆட்டோமேட்டிக்கா சேத்துடுச்சு சார்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. அவர் மென்பொருள் கம்பெனிக்குக் காரமாக மெயில் போட்டார். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. என் தப்புக்கு முகம் தெரியாத யாரோ வருத்தம் தெரிவித்தார்கள். நான் அதைப் படித்துவிட்டு மூடினேன்.

பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றாக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இன்னும் இரண்டு ஜோடிகளைப் பிரித்தேன். நல்லவேளை, அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. கணவர் பெயர் போடாமல் பதிவு ஏறாதபடி மாற்றினேன். கிளைகளுக்குப் போன் போட்டுத் திட்டுவதும் நின்றுபோனது. "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போதே வார்த்தையெல்லாம் தயார் செய்துகொண்டேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "அக்கா" என்றதுமே குரலை வைத்துக் கண்டுபிடித்தார். "கடைலேருந்தா? போன்ல பேசின பொண்ணுதானே நீ?" என்று வலது கண் என் பக்கம் வரும்படி முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். மருமகளிடம் டீ போடச் சொன்னார். நான் விஷயத்தை எடுப்பதற்குள் அவரே பேசினார்.

"அன்னிக்கு நான்தாம்மா போன்ல ஒழுங்கா சொல்லத் தெரியாம உளறிட்டேன். டாக்டரு ஆஸ்பத்திரி போணும்னாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ பாத்து அனுப்பியிருப்ப. உனக்கும் கடைல பேச்சு வாங்க வச்சிட்டேன். மனசுல வச்சிக்காதம்மா."

டீ வந்தது. குடித்தேன்.

"பரவாயில்லக்கா, விடுங்க" என்றேன்.

அந்த அம்மாவை நான் மன்னித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.