பனிமலை ஆயில்

பெரியப்பா கார் வாங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். செட்டியார்பட்டியில் ஒருவர் பல வருஷம் ஓட்டித் தேய்த்த டீசல் கார் அது. ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனாலும் எனக்கு அதில் கூச்சம் எதுவும் இல்லை, ஓட்டப்போகிறவர் என் அப்பா என்பதால். அப்பா பட்டாளத்தில், பனிமலைக்கு மேலே, லாரி ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் இதை நான் சொல்லி வைக்காத ஆள் கிடையாது.

எங்கள் வீட்டு ஆண்கள் நிலத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போவார்கள். அப்பா பென்ஷனோடு ஊர் திரும்பிக் கொஞ்ச காலம் சும்மா இருந்தார். அது பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் காரே வாங்கினார். டிரைவராக இருந்தவன் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளட்டும், முதலில் என் வேலைகளுக்கு ஓட்டிக் காட்டட்டும் என்று சாவியைக் கொடுத்தார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஓட்டவும் செய்தார், கொஞ்சம் அதிகப்படியான கவனத்தோடு. பட்டாளத்துக்காரர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள் போல என்று நான் நினைத்தேன்.

ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப்காரர், பழைய டீசல் இன்ஜினுக்குப் பதினைந்து டபிள்யூ நாற்பது என்கிற கெட்டி ஆயில்தான் தாங்கும் என்றார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பனிமலையில் கெட்டி ஆயில் விடிவதற்குள் நெய்யாக உறைந்துவிடும், இன்ஜினுக்குள் ஏறவே ஏறாது, டிரைவர்கள் அடியில் தணல் வைத்துத்தான் வண்டியை எழுப்புவார்கள், அதனால் ஆயில் மெல்லியதாக இருப்பதுதான் இன்ஜினுக்கு நல்லது என்று விளக்கினார். சுற்றி நின்றவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே எல்லோருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. இங்கே ஏது பனி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மதுரைக்குச் சொல்லிவிட்டு ஐந்து டபிள்யூ முப்பது என்கிற மெல்லிய ஆயிலை வரவழைத்து ஊற்றினார்கள். தண்ணீர் போல இறங்கியது.

பெரியப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்தது. ஒரு வாய்தாவுக்கு எனக்கும் லீவாக இருந்ததால் கூடவே போனேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது உச்சி வெயில். பஸ் நிலையத்துப் பக்கம் நெரிசலில் கார் நின்று நின்று நகர, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. இன்ஜினுக்குள் யாரோ ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். பின்னால் நீலப் புகை. சைக்கிளில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா, எங்கேயாவது ஓரம்கட்டு என்று மட்டும் சொன்னார்.

ஓர் ஆயில் கடை முன்னால் நிறுத்தினோம். கடைக்காரர் அளவுக் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்துவிட்டு, என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டார். அப்பா சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. சூடேறினால் இது இன்னும் இளகிவிடும், தேய்ந்த இன்ஜினில் அழுத்தம் நிற்காது, அதனால்தான் விளக்கு எரிகிறது என்றார். அப்பா விடவில்லை. பனிமலையில் என்று ஆரம்பித்தார்.

அந்தக் குரலைக் கேட்டு, டிராக்டருக்கு ஆயில் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். மீசை நரைத்த ஆள். அப்பாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என்னயத் தெரியுதா?"

அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. தான் வ. புதுப்பட்டிக்காரர் என்றும், அப்பாவோடு ஒரே முகாமில் இருந்தவர் என்றும் பெரியப்பாவிடம் சொன்னார்.

"அங்கன அடுப்புப் பத்தவே பத்தாது. இவிய மண்ணெண்ணெய்ப் புட்டியக் கோட்டுக்குள்ள வச்சுச் சூடாக்கிப் பத்த வைப்பாவ. காய்ச்சல்ல கெடந்த எனக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டுனதே இவியதான். இந்த உசுரு இவிய சமையல்ல நிக்கிற உசுரு."

"சமையலா?" என்றார் பெரியப்பா.

வந்தவர் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு என்னிடம் குனிந்தார். நீ குடுத்து வச்ச பிள்ளை, தினமும் அந்தக் கைச் சாப்பாடு கிடைக்கிறதே என்றார். ஊருக்கு வந்ததிலிருந்து அப்பா எங்கள் அடுப்படிக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. என் காதெல்லாம் சுட்டது. கடையில் இருந்த எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

"எங்கப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. அவிய லாரி டிரைவர்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், கடைசியாகத் தரையைப் பார்த்தபடி நிற்கும் அப்பாவைப் பார்த்தார். பிடித்திருந்த கைகளை மெல்ல விட்டார்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வயசாயிருச்சுல்லா, ஆள் மாறிப்போச்சு. நான் வேற ஒருத்தர நெனச்சுட்டேன்."

டின்னை எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பார்த்தீர்களா என்பது போலப் பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் நம்பியதாகத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அப்பா கடையை விட்டு இறங்கி ஓடினார். வெயிலில் அந்த ஆளை மறித்து நிறுத்தி ஏதோ பேசினார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுவது தெரிந்தது. அப்பா அவர் தோளில் கைபோட்டு மறுபடியும் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இவன் ஆள் மாறல. நான் சமையல்லதான் இருந்தேன். டிரைவர்மாரு அடுப்படியில வந்து பேசுறதக் கேட்டதுதான் எனக்குத் தெரிஞ்ச வண்டி. ஓட்டப் படிச்சது இங்க வந்த பொறவுதான்."

பெரியப்பா மூக்கால் சிரித்து, அம்புட்டு வருஷமும் கரண்டிதானா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். அப்பாவே கடைக்காரரிடம் திரும்பி, நம்ம ஊர் வெயிலுக்கு எது சரியோ அதைக் கொடுங்கள் என்றார். பக்கத்துக் கொட்டகையில் பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது, சத்தமும் அடங்கியது. பெரியப்பா சாவிக்குக் கையை நீட்டினார்.

டாக்சி ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்த ஒரு டிரைவர் எங்களை ராஜபாளையத்துக்கு ஓட்டிவந்தார். அப்பா பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்பதுதான் என் யோசனையெல்லாம். அந்தக் கார் பிறகு அப்பா கைக்கு வரவே இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் எனக்கு அடக்க முடியவில்லை. அவர்தான் ஆள் மாறிப்போச்சு என்று சொல்லிவிட்டாரே, நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாமே என்று அழுதுகொண்டே கேட்டேன்.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை.

"ஏட்டி, அவன் என் கையால சாப்பிட்டவன்" என்றார்.

நான் கேட்டது ஒன்று, இவர் சொல்வது ஒன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.