குப்பையில் எடுத்த பச்சை பெயிண்ட்

பூந்தமல்லி வீட்டை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது தெருவாசல் இரட்டைக் கதவைக்கூட விடவில்லை. இடது கதவு மூத்தவருக்கு, வலது கதவு என் கணவருக்கு. அந்த வருஷம் பொங்கலுக்கு மூத்தவரின் மனைவி, என் ஓர்ப்படி, தன் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கவைத்தாள். இரண்டு கதவும் சேரும் இடத்தில், கோடு போட்டதுபோல் பெயிண்ட்காரர் கையை நிறுத்திக்கொண்டார். மீதியைக் கேட்டேன்.

"தீந்துபூட்ச்சிமே" என்றாள். அரை டப்பா பெயிண்ட் அவள் காலடியிலேயே இருந்தது.

கொடுக்காததுகூடப் பெரிதில்லை. வைத்துக்கொள்ளவும் தெரியவில்லையே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மூடியை ஒப்புக்கு வைத்து, கொல்லை வெயிலில் போட்டாள். நாலே மாதத்தில் ஆடை கட்டிவிட்டது. கெட்டுவிட்டது என்று குப்பைமேட்டில் வீசினாள். நான் போய் எடுத்துவந்தேன். வெட்கமெல்லாம் படவில்லை. ஆடையைக் கத்தியால் வட்டமாக அறுத்தெடுத்தேன். அடியில் பெயிண்ட் நன்றாகவே இருந்தது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கழுத்துவரை நிறையும்படி சின்ன டப்பாவில் ஊற்றினேன். உள்ளே காற்றுக்கு இடம் விட்டால் மறுபடி ஆடை கட்டும். மேலே மெல்லிசாக ஆளிவிதை எண்ணெய் விட்டு, மூடிமேல் கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டி, நெல் குதிருக்குப் பின்னால் குளிர்ச்சியான இடத்தில் கவிழ்த்துவைத்தேன்.

என் கதவுக்கு அதை அடிக்கவில்லை. "அடிச்சிட்டுப் போயேன், எதுக்குப் பொத்திகினு கீற?" என்பார் கணவர். அவள் என்னிடம் வந்து கேட்கும் நாளுக்காக என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

யுத்தம் வந்தது. ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் எழும்பின. கடைகளில் பெயிண்ட் என்ற பேச்சே இல்லை. அவள் கதவு செதில்செதிலாக உரிந்துகிடந்தபோது, அவள் மகளைப் பெண் பார்க்க மாங்காட்டிலிருந்து வருவதாக ஏற்பாடாயிற்று. என் வீட்டு மனுஷர் எங்கேயோ உளறியிருக்கிறார். அவள் என் வாசலுக்கு வந்தாள்.

"நம்ம பொண்ணுக்கு வர்றாங்கோ. கதவு அசிங்கமா கீது. உங்கிட்ட பச்சை கீதாமே, கொஞ்சம் குடுமே."

"இல்லக்கா" என்றேன். அவள் கண் கலங்கியது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்.

அவர்கள் வரும் அன்று காலை, அவள் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே டப்பாவைத் திறந்தேன். மூன்று வருஷம் ஆகியும் நேற்று வாங்கியதுபோல் இருந்தது. கலக்கி, என் கதவுக்கு மட்டும் தடிமனாக அடித்தேன். மிஞ்சியதை ஜன்னல் கம்பிகளுக்கு அடித்துத் தீர்த்தேன். ஒரு சொட்டுகூட அவளுக்கு மிஞ்சக்கூடாது. அவள் கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

அன்றைக்குள் அது காயாது என்று எனக்குத் தெரியும்.

உள்ளே நுழையும்போது மாப்பிள்ளையின் தாயார் என் கதவை உரசினாள். மஞ்சள் பட்டில் முழநீளத்துக்குப் பச்சை. "ஈரம்னு சொல்றதுக்கு இந்த ஊட்ல ஒரு ஆள் இல்லியா?" என்று கத்தினாள். பெண் ஓடிவந்து, மண்டியிட்டு, கிருஷ்ணாயில் துணியால் துடைத்தாள். கறை இன்னும் பரவியது. வெற்றிலையைக்கூடத் தொடாமல் போனவர்கள், பிறகு ஒரு தகவலும் சொல்லி அனுப்பவில்லை.

மத்தியானம் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். தலையில் பூ, இரண்டு கையும் பச்சை.

"போமாட்டேங்குது சித்தி. எண்ணெ கீதா?"

தேங்காயெண்ணெய் விட்டு, விரல் விரலாகத் தேய்த்துவிட்டேன். என் நகத்திலும் அதே பச்சை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எங்கம்மா மேல கோவம்னா, அவள அறைஞ்சிருக்கலாமே சித்தி."

அப்போதும் எனக்கு அவள் அம்மாவின் மேல்தான் ஆத்திரம் வந்தது.