நாகப்பட்டினத்துக் கடலில் கரீம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன் நான். நீங்களும் இப்போது அப்படித்தான் எழுந்து போகப் பார்ப்பீர்கள், தெரியும். ஆனால் இத்தனை நாள் இதைச் சொல்லாமல் இருந்தது நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் இல்லை. வெட்கத்தால்.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷம். காஞ்சிபுரத்தில் நான் தறி நெய்துகொண்டிருந்தேன். கரீம் பட்டு நூலுக்குச் சாயம் போடுவான், சின்ன வயசுச் சிநேகிதன். நாகூர் தர்காவில் அவனுக்கு ஒரு வேண்டுதல். "அப்படியே ஊரச் சுத்திக்கினு வரலாம் வாப்பா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தர்கா முடிந்து, வேளாங்கண்ணி பார்த்து, நாகப்பட்டினத்தில் படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்குவதை வேடிக்கை பார்த்து, கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குக் கடற்கரைக்கு வந்தோம்.

"கால் வலிக்குதுப்பா, நீ போய்ப் பாத்துட்டு வா" என்று கரீம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

நான் அலையில் கால் நனைத்து நின்றேன். சுற்றிலும் ஆள் இல்லை. நம்பினால் நம்புங்கள், பட்டப்பகலில் அலைக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. கரீம். அதே நீலச் சட்டை.

"சண்முகம், புடிடா!" என்று கையை நீட்டினான்.

பத்தடி தூரம்கூட இருக்காது. நான் போகவில்லை. திரும்பி ஓடினேன்.

டீக்கடை பெஞ்சில் கரீம் உட்கார்ந்திருந்தான். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"இவரு எங்கியாவது போனாராம்மா?" என்று கடைக்கார அம்மாவைக் கேட்டேன்.

"ஒக்காந்த எடத்த வுட்டு நவுரலயே. ஏன், மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

வெயில் என்று சமாளித்தேன்.

ஊருக்குத் திரும்புகிற பஸ் விழுப்புரம் தாண்டியது. கரீம் ஜன்னலைப் பார்த்தபடியே, கோபமே இல்லாமல் சொன்னான்:

"அவ்ளோ கூப்ட்டேனே. நீ செருப்பத் தேடி எடுத்துக்கினுதானே ஓடுன."

உண்மைதான். மணலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். டீக்கடையிலிருந்து அந்த இடம் தெரியாது, நடுவில் படகுகள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் விட்டுவிட்டு ஓடியதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தூங்குகிறவன்போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் முப்பது வருஷம் உயிரோடு இருந்தான். என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு நாளும் பேச்செடுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தாமல் ஏரி நிறைந்தால் எல்லோரும் பார்க்கப் போவோம். கரையில் நான் பக்கத்தில் போய் நின்றால் மட்டும், பேச்சை நிறுத்தாமலே நாலடி பின்னால் நகர்ந்துகொள்வான்.