ஏணிப்படியில் வாங்கிய இனாம்

புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் ஓடிய கப்பலில் நான் பார்த்த வேலைக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. அது வெற்றிலை பாக்குக்குக்கூடக் காணாது. வயிற்றை நிரப்பியது பயணிகள் தந்த இனாம்தான். இரண்டாம் வகுப்பில் எட்டு அறைகள் என் பொறுப்பு. படுக்கை விரிக்க வேண்டும், செருப்புத் துடைக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், கடல் ஒத்துக்கொள்ளாமல் யாராவது வாந்தி எடுத்தால் அள்ள வேண்டும். பயணம் முடிகிற நாளில் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அறை வாசலில் நிற்போம். பயணி வெளியே வருவார், கையைப் பிடித்துக் குலுக்குவார், குலுக்குகிற சாக்கில் உள்ளங்கைக்குள் காசு வந்துவிடும். கொடுத்தவரும் பார்க்கமாட்டார், வாங்கியவனும் பார்க்கமாட்டான். வெள்ளைக்காரர்கள் இதை பூர்புவார் என்பார்கள். எனக்குக் காசைவிட அந்தக் கைப்பிடிமேல்தான் ஆசை அதிகம். பைத்தியக்காரத்தனம் என்று கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊரில் என் கையைத் தொட்டு யாரும் எதையும் கொடுத்ததில்லை.

எங்கள் ஊர் பாகூர் பக்கம், ஏரித் தண்ணீர் பாய்கிற நெல் வயல்களை ஒட்டிய சேரி. அப்பா ஒரு மிராசுதாரிடம் ஏர் ஓட்டினார். கூலி நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு அவர்கள் தள்ளி நிற்பார்கள், அப்புறம் நாங்கள் போய் அள்ளிக்கொள்ள வேண்டும். காசென்றால் துண்டை விரித்துப் பிடிக்க வேண்டும், அது மேலேயிருந்து விழும். அப்பா துண்டை விரித்துப் பிடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் புதுச்சேரிக்கு ஓடினேன். ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, நாலு வார்த்தை பிரெஞ்சு கற்றுக்கொண்டு, கப்பலேறினேன்.

அப்படி ஓடிவந்தவனின் அறைக்கே அந்த மிராசுதார் பயணியாக வந்து சேர்ந்தார். சைகோனில் அவருடைய தம்பி ஜவுளிக்கடை வைத்திருந்தார், டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். வேலை ஒன்றும் கிடையாது. போக, சுற்றிப் பார்க்க, நன்றாகச் சாப்பிட, திரும்பி வர. எனக்கு அவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. சேரிக்காரன் முகத்தை அவர் எந்தக் காலத்தில் நிமிர்ந்து பார்த்தார்? நான் கப்பல் வழக்கப்படி "முசியே" என்று கூப்பிட்டேன். அந்த மரியாதை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் நாள் கடல் கொந்தளித்தது. மனிதர் சுருண்டுவிட்டார். மூன்று நாள் நான்தான் தலையைத் தாங்கிப் பிடித்தேன், வாயைத் துடைத்தேன், கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். பொய் சொல்லக் கூடாது, அப்போது எனக்கு அவர்மேல் இரக்கம்தான் இருந்தது. "நீ நல்லா இருப்படா தம்பி, நீ இல்லன்னா நான் கடலோட போயிருப்பேன்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பேச்சு நம்ம பக்கமா இருக்கே. எந்த ஊருப்பா நீ?"

சொன்னேன். யார் மகன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் என் கையில் இருந்த தம்ளரைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார், அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல. "அங்கயே வச்சிட்டு வெளிய நில்லு" என்றார். அதற்குப் பிறகு 'தம்பி'யும் இல்லை, 'ப்பா'வும் இல்லை. தண்ணீரை வாசலில் வைக்க வேண்டும். படுக்கையைத் தட்டிப் போட அவர் அறையில் இல்லாதபோது வர வேண்டும். மூன்று நாள் என் கையால் குடித்த கஞ்சி மட்டும் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

சைகோனில் கப்பல் துறைமேடையை ஒட்டி நின்றது. நான் வாசலில் நின்றேன். பக்கத்து அறையில் வந்த வெள்ளைக்காரக் கிழவி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். மிராசுதார் வந்தார். பட்டு வேட்டி, கோட்டு, தலைப்பாகை. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு மடியிலிருந்து சில்லறையை எடுத்து என் காலடியில் எறிந்தார். எறிந்தார் என்றால் அப்படியே எறிந்தார். எங்கள் பக்கம் பிணத்துக்கு முன்னால் சுடுகாடு வரைக்கும் இறைத்துக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. காசு பலகைமேல் உருண்டு ஓடியது. நான் குனியவில்லை. எங்களுக்கு மேலாள் ஒரு வெள்ளைக்காரர், பின்னாலிருந்து அதட்டினார், பயணிகள் வழுக்கி விழுவார்களாம், பொறுக்கு என்றார். பொறுக்கினேன். முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பொறுக்கினேன். மிராசுதார் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

காசை எல்லோருக்கும் பொதுவான பெட்டியில் போட்டேன். மனதில் இருந்ததைப் போட ஒரு பெட்டியும் இல்லை. அந்த ஆள் எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துத்தான் எனக்கு இனாம் தர வேண்டும். அது நடக்கிறவரை இந்தக் கப்பலை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நேரம் வருமென்று காத்திருந்ததாகச் சொன்னால் பொய். காத்திருக்கவில்லை, தேடினேன். ஒவ்வொரு தடவை சைகோனிலிருந்து திரும்பும்போதும் பயணிகள் பட்டியல் எழுதுகிற குமாஸ்தாவிடம் போய் நிற்பேன். நாலு மாதம் கழித்து அவர் பெயர் இருந்தது. அறை என்னுடையது இல்லை, ஒரு காரைக்கால்காரனுடையது. என் அறைகளிலேயே கொழுத்த இனாம் வரக்கூடிய இரண்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை வாங்கிக்கொண்டேன். உனக்கென்ன கிறுக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

திரும்பும் பயணத்திலும் கடல் அவரைக் கவிழ்த்துப் போட்டது. இந்தத் தடவை அவர் கற்றுக்கொடுத்தபடியே நடந்துகொண்டேன். கஞ்சியை வாசலோரம் தரையில் வைத்தேன். தண்ணீர்க் கூஜாவையும் அங்கேயே வைத்தேன். கப்பல் ஆடியது, கூஜா உருண்டது. "தம்பி" என்று ஈனக் குரலில் கூப்பிட்டார். பாருங்கள், தம்பி திரும்பி வந்துவிட்டான்! "கிட்ட வரலாங்களா முசியே, தீட்டாச்சே" என்று வெளியே நின்றே கேட்டேன். தவழ்ந்து வந்து குடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. உயிருக்கு ஆபத்து வராத அளவுக்குக் கஞ்சி உள்ளே போகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டேன். செத்துவிட்டால் என் கணக்கு என்னாவது? ஆனாலும் மனம் ஆறவில்லை. அறைக்குள் நடந்ததை யார் பார்த்தார்கள்?

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நங்கூரம் போடும். கரையிலிருந்து சலங்குப் படகுகள் வந்து ஆட்களை இறக்கிப் போகும். கப்பலின் பக்கவாட்டில் ஏணிப்படி தொங்கும், அதன் அடியில் ஒரு சின்னப் பலகை. அலை தூக்கும்போது படகு முழங்கால் உயரத்துக்கு வரும், இறங்கும்போது ஆள் உயரப் பள்ளம். பலகையில் நிற்கிறவன் கையைப் பிடித்துச் சரியான நேரத்தில் படகில் இறக்கிவிட வேண்டும். கையை விடும்போது கடைசி இனாம் உள்ளங்கைக்கு வரும். அதனால் அந்த இடத்துக்கு எங்களுக்குள் அடிதடியே நடக்கும். அன்று நான் மேலாளிடம் கெஞ்சி அந்த இடத்தை வாங்கினேன்.

மிராசுதாரை அழைத்துப் போக ஒரு படகு நிறைய வந்திருந்தார்கள். மாலையோடு மைத்துனர், மருமகன், கணக்குப்பிள்ளை, ஊர்த்தெருக்காரர்கள் நாலைந்து பேர். அவர் ஏணியில் இறங்கினார். வலது கை மூடியிருந்தது. உள்ளே காசு, படகில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து எறிவதற்கு. பலகையில் வந்து நின்றதும் அலை படகைக் கீழே இழுத்தது. அவர் நீட்டிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நான் இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் சனம் அவர் எதிரில் எப்படி நிற்க வேண்டுமோ, அப்படி.

"இன்னாடா நிக்கிற, புடிடா!" என்றார்.

"நான் தொடலாங்களா ஆண்டே?" என்றேன். சேரிக்காரர்கள் எசமானைக் கூப்பிடும் அந்தச் சொல்லைக் கப்பலில் அதுவரை நான் சொன்னதில்லை. படகு முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "எல்லாரும் பாக்கறாங்களே."

படகில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலே ஏணியில் பத்துப் பேர் காத்திருந்தார்கள், மேலாள் பிரெஞ்சில் கத்தினார். அலை பலகைமேல் ஏறி அவர் வேட்டியை நனைத்தது. படகோட்டி "குதி சாமி, குதி" என்கிறான், அவர் கடலைப் பார்க்கிறார், மைத்துனரைப் பார்க்கிறார், கடைசியில் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு அவராகவே எட்டி, கட்டியிருந்த என் கையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

நான் சும்மா விடவில்லை. இறுக்கிப் பிடித்தேன். இரண்டு அலை வந்து போக விட்டேன். "போகும்போது மூணு நாளு இந்தக் கையாலதான கஞ்சி ஊத்தனேன், அப்ப புடிச்ச மாதிரியே புடிச்சிக்கங்க ஆண்டே" என்றேன். மைத்துனர் கையிலிருந்த மாலை கீழே இறங்கியது. நடுவில் மாட்டிய காசு இருவர் கையையும் அழுத்தியது. மூன்றாவது அலையில் விட்டேன். அவர் படகில் முழங்கால் குத்தி விழுந்தார். யாரும் உடனே தூக்கவில்லை. காசு என் உள்ளங்கையில் இருந்தது.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு என்ன விலை என்பது அடுத்த விடுப்பில் ஊருக்குப் போனபோது தெரிந்தது. மிராசுதார் வீட்டில் பரிகாரம் செய்து ஐயரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளித்தார்களாம். அப்பாவை மறுநாளே ஏரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சுற்றுவட்டத்தில் வேறு எவனும் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை. விடிவதற்கு முன்னால் கிளம்பி ஆற்றைத் தாண்டி, இங்கிலீஷ்காரன் எல்லையில் யாரோ ஒருவருடைய கரும்புத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். உள்ளங்கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கீறல். அம்மா என்னைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள். "உன்னாலதான்டா வயசான காலத்துல இந்த மனுசன் அலையறாரு" என்றாள். எனக்கு மிராசுதார் மேலிருந்த ஆத்திரம் இன்னும் ஏறியதே தவிர, அப்பா முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து கூழைக் குடித்தார். முழுதும் குடித்து முடித்தார். அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனேதான் புடிச்சானா?" என்றார்.

"ஆமாம்பா."

"அவங்க ஆளுங்க அத்தினி பேரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

அப்பா கொஞ்சம் நகர்ந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏணியில எறங்கினதுலேருந்து சொல்லு," என்றார். "மெதுவா சொல்லு."