இஸ்திரி போட்ட பாஸ்

மும்பைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. லோக்கல் ரயில் ஸ்டேஷனில் தானாக டிக்கெட் கொடுக்கும் மெஷினை வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு மனிதரையும் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஸ்டேஷனில் மெஷின்கள் பாதிநாள் செத்துக் கிடக்கும். உயிரோடிருப்பதும், எழுத்து தெரிந்தும் தெரியாமலும் ஒரு தாளைத் துப்பும். ஊரில் டவுன் பஸ் கண்டக்டர் நம் இடம் தேடி வந்து டிக்கெட் தருவார். இப்போது பெண்களுக்கு அதற்குக் காசும் கிடையாது.

என் தம்பி முருகனின் மனைவி செல்வி அந்த பஸ்ஸில் போய்ப் பழகியவள். கல்யாணமாகி அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செம்பூரில் நான் வேலை பார்க்கும் மசாலா பேக்கிங் கம்பெனியில் அவளையும் சேர்த்துவிட்டேன். முதல் சம்பளம் வாங்கிய அன்று அவள் நடையே மாறிவிட்டது. முருகனுக்கு மட்டும் அரை மனசு. "ரயில்ல ஏதாச்சும் பிரச்சினைன்னு வந்துச்சு, அன்னையோட நிறுத்திரணும்" என்று அக்கா என்னிடம் சொல்லித்தான் அவளை அனுப்பினான்.

முதல் மாத பாஸைக் கவுண்டரில் வாங்கினோம். அடுத்த மாதம் கவுண்டர் வரிசை படிக்கட்டு வரை நின்றதால் மெஷினில் புதுப்பித்தோம். வந்த தாளில் எழுத்து அத்தனை மங்கல். மழைக்காலம் வேறு. நம் ஆட்களுக்கோ அரசாங்கம் கொடுத்த தாள் எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். ரேஷன் கார்டு முதல் சாதிச் சான்றிதழ் வரை லேமினேட் செய்யாவிட்டால் தூக்கம் வராது. முருகன் துணி ஒர்க்‌ஷாப்பில் இஸ்திரி போடுகிறவன். மனைவியின் பாஸ் நனையக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே துணி விரித்து, தன் பெட்டியாலேயே ஓரங்களை ஒட்டினான். மெஷின் தாள் சூடு பட்டால் கறுத்துவிடும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? துணியை எடுத்துப் பார்த்தால் பாஸ் அட்டைக் கறுப்பாக இருந்தது.

மறுநாள் கவுண்டரில் காட்டினேன். உள்ளே இருந்தவர் தலைநிமிராமல், "மஷீன் கா ஹை, இதர் நஹி ஹோகா" என்றார். மெஷினில் எடுத்ததற்கு அவர் பொறுப்பில்லையாம். மெஷின்காரர் கையை விரித்தார். சரி, பணம் கட்டியாயிற்று, பழைய பாஸில் நம்பர் இருக்கிறது, கேட்டால் சொல்லிக்கொள்வோம் என்று போய்வந்தோம்.

நாலாம் நாள் கேட்டார்கள். இறங்கிய ஸ்டேஷனில், கறுப்புக் கோட்டுப் போட்ட டிக்கெட் பரிசோதகர், ஓர் இளம் பெண். செல்வி இரண்டு பாஸையும் நீட்டினாள்.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டாள்.

செல்வி தனக்குத் தெரிந்த இந்தியில் உண்மையைச் சொன்னாள். "மேரா ஆத்மி இஸ்திரி கியா."

என் புருஷன் இஸ்திரி போட்டான் என்றதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் தன்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டாள். முகம் இறுகிவிட்டது. பழைய நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன், பிறகு கத்தினேன். அது தன் வேலை இல்லை என்றாள். கெட்டுப்போன மெஷினுக்கு இந்த ஊரில் அபராதம் கிடையாது, காசு கட்டியவளுக்குத்தான் உண்டு. செல்வியை ஓரமாக நிறுத்தி, பேர் என்ன, இங்கே எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டு ரசீது எழுதினாள். ரயில் ரயிலாக ஜனம் இறங்கி, அவளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனது.

சாயந்திரம் விஷயம் தெரிந்ததும் முருகன், "போதும். நாளையிலருந்து போவாண்டாம்" என்றான்.

செல்வி குரலை உயர்த்தவில்லை. "மங்கலா அடிச்சது மெஷினு. தேச்சது நீங்க. வீட்ல உக்காருதது மட்டும் நானா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் பக்கம் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் அவளுக்கு முன்னால் கிளம்பிப் போய், அவளுடைய புது பாஸுக்காகக் கவுண்டர் வரிசையில் நின்றது அவன்தான்.

அந்த வாரமே கம்பெனியில் செல்வியிடம் மும்பை முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். சம்பளத்தை இனி பேங்கில்தான் போடுவார்களாம். அவளுடைய ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் ஊரில்தான் இருக்கின்றன. வீட்டு வாடகைச் சீட்டோ முருகன் பேரில். பையைத் துழாவி ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். அபராத ரசீது. பளிச்சென்ற எழுத்தில் அவள் பேர், அதன் கீழே தாராவி, மும்பை.

"நான் இந்த ஊர்ல இருக்கேன்னு எழுதிக் குடுத்தது இவுக மட்டுந்தான், மைனி. இதக் காட்டலாமா?"