லைன்ல ஒண்ணும் ஓடல

என் மனைவிக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு ஒரு வேலை கிடைத்தது. புளியங்குடியில் ஒரு கல்லூரி ஆசிரியை தன்னுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை ஒன்பது நோட்டுகளில் கையால் எழுதி வைத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சு வந்திருக்கிறது. இவள், "நான் அடிச்சுத் தாரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மகன் வெளியூர் போனபின் முன்னறையில் துணி போர்த்திக் கிடந்த அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் இரண்டு வருஷமாகத் தமிழ் அடித்துப் பழகியவள்தான். அதை நான் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குட்டி இந்த வம்பு" என்று கேட்டேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவள் அப்பாவுக்காகவோ எனக்காகவோ பிள்ளைக்காகவோ இல்லாமல், தன் பெயரில் அவள் கொடுத்த முதல் வாக்கு அது. இன்றைக்குத்தான் இப்படி எழுதத் தெரிகிறது. அன்றைக்கு, காலைப் பலகாரம் பிந்துமே என்பதுதான் என் கவலை.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை எழுந்திருக்க மாட்டாள். இரண்டாவது நோட்டின் நடுவில்தான் கோளாறு ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருப்பாள். திரை பட்டென்று கறுத்து, பெட்டிக்குள் மூச்சு நின்றதுபோல ஒரு சத்தம் வரும், பிறகு தானாகவே முதலிலிருந்து தொடங்கும். அரை மணியில் மூன்று முறை அப்படி ஆகும். மறுநாள் முழுக்க ஒன்றும் செய்யாது. அதற்கு அடுத்த நாள் மறுபடியும் ஆகும்.

"அந்தக் குத்துக் குத்துனா அது என்ன செய்யும் பாவம். கீபோர்டா அம்மியா?" என்றேன். பக்கத்து வீட்டு மதினி வாசலில் நின்று சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. அதன்பின் விரல் நோகாமல் மெல்ல மெல்ல அடிக்கத் தொடங்கினாள். வேகம் பாதியாகக் குறைந்தது. கம்ப்யூட்டர் அப்போதும் அணைந்தது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். பஜாரில் சின்னதாய்க் கடை வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பொறுமைசாலி, அதிலும் என்னைப் போன்ற ஆட்களிடம் ரொம்பப் பொறுமை. முதலில் பெட்டியைத் திறந்து, பக்கத்துத் தறிக் கூடத்திலிருந்து பறந்து வந்து ஃபேனில் அடைந்திருந்த பஞ்சை ஊதி எடுத்தார். இரண்டு நாள் கழித்து வந்து ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். அதற்கும் கேட்கவில்லை என்றதும் பெட்டியைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார். அங்கே மூன்று நாள் ராப்பகலாக ஓடியிருக்கிறது, ஒரு தடவைகூட அணையவில்லை.

"கடையில தங்கமா ஓடுதே அண்ணாச்சி" என்றார், திருப்பிக் கொண்டுவந்து வைத்தபடி.

"அப்ப ஆளுக்குத்தான் கோளாறு" என்றேன், அவளுக்குக் கேட்கும்படி. அவர் தலையைக் குனிந்துகொண்டு வயரை மாட்டினார். மறுநாள் காலை வீட்டில் நாலு முறை அணைந்தது. கரண்ட் உள்ளே வரும் பெட்டியையும் புதிதாக மாற்றிப் பார்த்தார். பலன் இல்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குடிதண்ணீர் வரும். காலை ஒன்பதரை வாக்கில் வரும். வந்தால் ஒரு மணி நேரம். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது, கண்டால் பறிமுதல் என்று நகராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். நான் வைத்திருந்தேன். குளியலறையில் துணி ஊறப்போடும் வாளிக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடி. தெருவில் பாதி வீடுகளில் இருந்தது, அதனால் எனக்கு உறுத்தவில்லை. யாராவது பைக்கில் வரும் சத்தம் கேட்டால் அணைப்பேன், போனதும் மறுபடி போடுவேன்.

ஒரு நாள் அப்படிப் போட்டேன். கூடத்து ஃபேன் தள்ளாடி நின்று பிறகு சுற்றியது. முன்னறையிலிருந்து "ஐயோ, போச்சு" என்று அவள் குரல் கேட்டது. சுவிட்சின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றேன். அவள் மறுபடி அடிக்கத் தொடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு மோட்டாரை அணைத்து மறுபடியும் போட்டேன். "ஐயோ" என்றாள்.

அப்படியானால் அதுதான். கம்ப்யூட்டரும் மோட்டாரும் ஒரே லைன். கம்ப்யூட்டரோடு இருந்த யூபிஎஸ் பேட்டரி செத்து வருஷக்கணக்காகி, வெறும் பிளக் பெட்டியாகக் கிடந்தது. மோட்டார் இழுக்கும் நொடியில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போதவில்லை. ஒரு மாதமாக அவள் அடித்ததைக் கெடுத்துக்கொண்டிருந்தது என் கைதான்.

தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் அடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. ஒரு மாதம் அம்மி என்றும் ஆள் கோளாறு என்றும் ஏசிவிட்டு, இப்போது போய் "நான்தான்" என்று எப்படிச் சொல்வது? இந்தத் திமிருக்கு நான் வைத்துக்கொண்ட பெயர், பார்த்துச் சொல்லலாம் என்பது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரம் போனது. அவள் பாவம், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமிக்கப் பழகிக்கொண்டு ஏழாவது நோட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று அவள் திருவேங்கடம் என்ற ஊருக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மெக்கானிக் தானாகவே வந்தார்.

"ராத்திரி யோசிச்சேன் அண்ணாச்சி. பெட்டியில ஒண்ணுமில்ல. உங்க லைன்லதான் ஏதோ இருக்கு. இதுல மோட்டார் கீட்டார் ஏதும் ஓடுதா?"

அவர் வீடு தெருக்கடைசி. மேலே பாதி வீடுகள் உறிஞ்சியது போக அவர்கள் குழாயில் சொட்டுதான் விழும். அவருடைய அம்மா, மூட்டு வலிக்காரி, இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் தூக்கி வருவதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். "பாத்துப் போங்க" என்று சொல்லவும் செய்திருக்கிறேன்.

"லைன்ல ஒண்ணும் ஓடல" என்றேன்.

"நாளைக்குக் காலைல மீட்டரைக் கொண்டாந்து பிளக்கை எல்லாம் பாத்துருதேன். குளியலறை லைனும் இதே லைன்தானே? அதைப் பாக்காம புது யூபிஎஸ் போட்டாலும் வீண்."

நாளைக்குத் தண்ணீர் வரும் நாள். மீட்டர் வைத்தால் மோட்டார் தெரிந்துவிடும்.

"அதெல்லாம் வேண்டாம். வைரஸ்தான் இது. நீ எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்து."

"ஃபார்மேட்டா? அக்கா அடிச்சது டெஸ்க்டாப்புல இருந்தா மொத்தமாப் போயிரும். அக்கா சாயங்காலம் வந்துரட்டுமே."

மேசைமேல் ஒரு பென் டிரைவ் கிடந்தது. அதைக் காட்டி, "எல்லாம் இதுல எடுத்து வச்சிருக்கா. எனக்குத் தெரியாதா? ஏலே, சொன்னதைச் செய்யி" என்றேன். முப்பத்தைந்து வயது ஆளை, பிள்ளை குட்டிக்காரரை, நான் ஏலே போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேர வேலை. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பென் டிரைவில் இருந்தவை பேரன் மொட்டை போட்டபோது எடுத்த படங்கள்.

சாயங்காலம் வந்தவள் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து தேடினாள். திரையில் நீல நிறம் மட்டும் இருந்தது. ஆறரை நோட்டு வேலை. அழவில்லை. "நாந்தான் வேற எதுலயும் எடுத்து வைக்காமப் போயிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "மெக்கானிக் அழிக்கதுக்கு முன்னால கேட்டான், நான் பென் டிரைவுல இருக்குன்னு நினைச்சேன்" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. அன்றிரவு சாப்பிட்டோம், படுத்தோம்.

காலையில் அவள் முதல் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பதரைக்குக் குழாயில் காற்று சீறியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டாரைப் போடாமல் இருந்திருக்கலாம். தொட்டியில் தண்ணீர் இல்லை, அவள்தான் முந்தின நாளே சொல்லியிருந்தாள். போட்டேன். ஃபேன் தள்ளாடியது. இந்தத் தடவை "ஐயோ" என்ற சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கறுத்த திரைக்கு முன்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குளியலறைப் பக்கம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மோட்டார் இரைச்சல் எனக்கே அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

திட்டுவாள் என்று நின்றேன். மனசாரச் சொல்கிறேன், திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவள் போனை எடுத்து ஆசிரியையைக் கூப்பிட்டாள்.

"மேடம், நாந்தான் தெரியாம அழிச்சுட்டேன். ஆமா மேடம், எல்லாந்தான். என் தப்புதான். இனிமே அடிச்சாலும் ஆடித்தபசுக்குள்ள முடியாது. நோட்டுகளைக் கொண்டாந்து தந்துருதேன், வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

எதிர்முனையில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினார். இவள் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். போனை வாங்கி "தப்பு என்னோடது" என்று சொல்ல எனக்கு எட்டடி தூரம்கூட இல்லை.

நோட்டுகளை மஞ்சப்பையில் வைத்துக் கிளம்பும்போது தெருவில் மெக்கானிக் எதிரே வந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"இப்ப எப்படி ஓடுது அக்கா?"

"நல்லா ஓடுது தம்பி. நீங்க செஞ்சதுல சரியாயிட்டு."

"லைனை ஒரு தடவை பாத்துருதேனே."

"லைன்ல ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள்.

என்னுடைய பொய்யை, தண்ணீர் கிடைக்காத அந்த வீட்டு ஆளிடம், என் மனைவி சொன்னாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. புளியங்குடிக்கு பஸ்ஸில் போய்விட்டு, மத்தியானம் வந்து எனக்குச் சோறு போட்டாள். துணியை எடுத்துக் கம்ப்யூட்டரை மூடினாள்.

ஒரு நாள் விட்டுத் தண்ணீர் வந்தது. நான் எழுந்திருக்காமல் நாற்காலியிலேயே இருந்தேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது, கோபமில்லாமல், உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரி.

"தண்ணி வந்துட்டு. மோட்டார் போடுங்க. இப்பத்தான் முன்னறையில ஒண்ணும் ஓடலையே."

அன்றைக்கு நான் போடவில்லை. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது போட்டேன்.